பனிநாட்டுப் பச்சை வேலி

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் நடந்து பழகியவர்களுக்கு வேலியின் அருமையை எடுத்துக் கூற வேண்டுவதில்லை. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியால்களாக நிற்க, அவற்றோடு சேர்த்துக் கட்டிய கிடுகு வளவை மறைத்து நிற்கும். அத்தகைய வேலிக்குள்ளே பிறந்து வளர்ந்த மூதாட்டி ஒருவர், எழுபதாவது வயதிலே கனடாவில் வேலி தேடிய கதையை நேயர்களுக்குக் கூற விரும்புகின்றோம்.

எம்மவர் பெருந்தொகையாக வாழும் ஸ்காபரோ, ரொறன்ரோ மாநகரின் கீழைப் பகுதி. அங்கே நண்பர் ஒருவர் இல்லத்தில், ஓர் ஏப்ரல் மாதத்திலே சில நாட்கள் தங்கியிருந்தோம். பனி உருகி முடிந்திருந்தது. பின்வளவின் எல்லையோரம் நட்டிருந்த இருபது வெண்சீடர் மரங்களில் பதினொன்று செந்நிறமாகக் கருகி நின்றன.

“தம்பி, தலை முழுகிப்போட்டு ஒரு பத்து நிமிஷம் வெயிலிலை நிக்க ஏலாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மாடி யன்னல்தான்” என்று நண்பரின் தாயார் குறைப்பட்டார்.

பலகை வேலி அடைத்தால் என்ன என்று வினவினோம். பின்வளவிலே அது 2 மீற்றருக்கு மேல் உயர்தல் ஆகாது என்பது அந்நகரின் விதியாம். மாடி யன்னலை அது எங்ஙனம் மறைக்கும்? மேப்பிள் போன்ற மரங்களோ இலையுதிர் காலத்தில் ஆடை களைந்துவிடும். ஆகவே பசுமை மாறாத மரங்களே தஞ்சம்.

அயல் வீட்டு இத்தாலிய முதியவர் எல்லையருகே வந்து, கருகிய மரங்களின் பட்டையை நகத்தாற் சுரண்டிப் பார்த்தார். நான்கு மரங்களில் உள்ளே பச்சை தெரிந்தது. “இவற்றை வெட்ட வேண்டாம், மே மாத முடிவுவரை பாருங்கள், தளிர்க்கலாம்” என்றார். மற்றை ஏழும் பட்டுவிட்டன. காரணமும் அவரே உரைத்தார். வெண்சீடர் மறை 40 பாகைக் குளிரையும் தாங்க வல்லது. ஆயின் நிலம் உறைந்தபின் வேர் நீர் அருந்த இயலாது. காற்றும் மாரிக்கால வெயிலுமோ இலையிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். ஒக்டோபர் இறுதியில் நட்டு, போதிய நீர் வார்க்காது விட்ட மரங்கள் தாகத்தினால் மடிந்தன என்க.

மறுநாள் மரக்கன்று விற்கும் பண்ணைக்குச் சென்றோம். நீல ஸ்புறூஸ் வீதிக்கு இடும் உப்பைத் தாங்கும். ஆனால் அடியில் மூன்று மீற்றருக்கு மேலும் பரவும். நண்பருக்கு இருந்ததோ ஒன்றரை மீற்றர் அகலமான கீற்று நிலம். வெண்பைன் விரைந்து வளரும். முதிர முதிரக் கீழ்க்கிளைகளை இழக்கும், உப்புக்கும் அஞ்சும். ஹெம்லொக் நிழலிலும் தழைக்கும்; வரட்சியும் கடுங்காற்றும் அதற்கு ஆகா. யூ மரம் கத்தரிப்புக்கு நன்கு இணங்கும். ஆயினும் இலையும் விதையும் நஞ்சு, வீட்டிலோ தவழும் குழந்தை. இங்கிலாந்திலே ஆண்டுக்கு ஒரு மீற்றர்வரை வளர்ந்து அயலவரை வழக்காடச் செய்யும் லேலண்ட் சைப்பிரஸ், ஒன்ராறியோக் குளிரை நம்பி நடத்தக்கதன்று. ஒடுங்கி உயரும் வெண்சீடருக்கே மீண்டும் வந்தோம்.

“பட்ட மரத்தையே திரும்பவும் நடுறதோ?” என்று தாயார் முகஞ் சுளித்தார்.

அவரையும் அழைத்துக்கொண்டு மேற்கே மில்ற்றன் நகருக்கு அருகே, நயாகராவிலிருந்து வடக்கே நீளும் பாறைத்தொடரைக் காணச் சென்றோம். செங்குத்தான சுண்ணப் பாறையின் வெடிப்புகளில், மண்ணென்று சொல்லவே ஏதுமற்ற இடத்தில், அதே வெண்சீடர் முறுகி வளைந்து தொங்கிற்று. இத்தொடரிலுள்ள சில மரங்கள் ஆயிரம் ஆண்டைக் கடந்தவை என்பதை 1988 முதலாக குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டறிந்தனர். 1535-36 மாரியில் இன்றைய கியூபெக் நகரருகே நோயால் மடிந்துகொண்டிருந்த ஜாக் கார்ட்டியேயின் மாலுமிகளுக்கு, அந்நாட்டு முதற்குடிகள் ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் அவித்துக் கொடுத்துக் காத்தனர். அது இம்மரமே எனப் பலர் கருதுவர். உயிர்மரம் என்பது இதன் இலத்தீன் பெயரின் பொருள்.

தாயார் நெடுநேரம் அண்ணாந்து பார்த்து நின்றார். “கல்லிலை நிக்கிறது எங்கட வளவிலை நில்லாதோ?” என்றார்.

மே மாதத்தில் ஏழு கன்றுகள், 75 சதமமீற்றர் இடைவெளியில் நடப்பட்டன. அடிமண்ணுக்கு மரச்செதில் பரப்பினர். காற்று வரும் பக்கத்துக்குச் சாக்கு மறைப்பும் திட்டமாயிற்று. அடி அகன்றும் நுனி ஒடுங்கியும் கத்தரித்தால் கீழ்க்கிளைக்கு ஒளி கிட்டும், பனிப்பாரத்தாற் பிளவுறாது என்று முதியவர் கற்பித்தார். எல்லை வேலி பகையை வளர்ப்பதைக் கண்டு பழகிய எமக்கு, தம் பக்கத்திலும் நீர் வார்ப்பதாக அவர் வாக்களித்தமை வியப்பளித்தது.

ஆண்டுக்கு ஒரு சாண் வளரும் மரம் மாடி யன்னலை மறைக்க எத்தனை ஆண்டு செல்லும் என்று கணக்கிட்டோம். எட்டு என்று விடை வந்தது.

“எழுபத்தெட்டிலை தலை உலர்த்துவன்” என்றார் தாயார்.

நவம்பரில் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். முன்பு கருகிய நான்கில் மூன்று தளிர்த்தனவாம். அம்மா எங்கே என்று கேட்டோம். நிலம் உறையுமுன் தண்ணீர் விட வேண்டுமென்று, கம்பளிச் சட்டையோடு வேலியடியில் நிற்கிறாராம்.