பின்னால் வருபவருக்கான விளக்கு

ஒரு வாகனத்தில் எத்தனையோ விளக்குகள் உண்டு. முகப்பு விளக்கு அணைந்தால் பாதை இருண்டுவிடும். ஓட்டுபவருக்கு உடனே தெரியும். இண்டிகேட்டர் பல்பு ஒன்று போனால், பெரும்பாலான வண்டிகளில் அதன் டிக் டிக் ஓசை விரைவடைந்து எச்சரித்துவிடும். பிரேக் விளக்கு மட்டும் அப்படியன்று. எரிந்தாலும் ஓட்டுபவர் காண்பதில்லை, அணைந்தாலும் அறிவதில்லை. முழுக்க முழுக்கப் பின்னால் வருபவருக்காகவே பொருத்தப்பட்ட விளக்கு அது. பாதையில் கிடந்து பிறருக்குத் தொல்லை தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். கல்லையும் முள்ளையும் கண்டால் ஓரமாக ஒதுக்கும் நம்மில் பலர், நம் வண்டியே அத்தகைய தொல்லையாகச் சாலையில் உருண்டு கொண்டிருக்கலாம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

எங்கள் மஹல்லாவில் மக்தப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஒரு பழைய வேன் இருக்கிறது. அதன் பராமரிப்பு எங்கள் நால்வரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். சென்ற மழைக்காலத்தில், மஃரிபுக்குப் பிறகு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆடு ஒன்று குறுக்கே ஓட, வேன் சட்டென நின்றது. பின்னால் வந்த மீன் லாரி கிறீச்சிட்டு, ஒரு முழ இடைவெளியில் நின்றது. வேனுக்குள் 11 பிள்ளைகள். இறங்கி வந்த லாரி ஓட்டுநர் ஏசப் போகிறார் என்றே நினைத்தோம். அவருடைய கைகள் நடுங்கிக் கொண்டிருந்தன. "பாய், பிரேக் லைட்டு ரெண்டுமே எரியல. புள்ளைங்கள ஏத்திட்டுப் போறீங்க, மொதல்ல அதப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். பெயரைக் கேட்பதற்குள் போய்விட்டார். அவருக்காக அன்றிரவு துஆ செய்தோம். பிள்ளைகளை ஆட்டோக்களில் அனுப்பிவிட்டு வேனை அருகிலிருந்த பெட்ரோல் பங்கிலேயே நிறுத்தினோம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். முன்னே செல்பவர் நிற்கிறார் என்பதை ஒரு விநாடி தாமதமாக உணர்ந்தாலே அத்தனை தூரம் கைவிட்டுப் போகிறது. 1974இல் ஜான் வோவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான்ஃபிரான்சிஸ்கோ டாக்சிகளின் பின்புறம் நடுவில் கூடுதலாக ஒரு பிரேக் விளக்கைப் பொருத்திப் பார்த்தார். பின்னாலிருந்து மோதும் விபத்துகள் வெகுவாகக் குறைந்தன. 1986ஆம் ஆண்டு மாடலிலிருந்து அமெரிக்கக் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. இன்று நம் ஊர்க் கார்களின் பின்கண்ணாடியோரம் தெரியும் மூன்றாவது விளக்கின் கதை இதுதான். எங்கள் வேனில் அது இல்லை.

மறுநாள் காலை, ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் எங்கள் மஹல்லா காக்கா ஒருவர் பங்கிற்கே வந்தார். பின்னால் சிவப்பு விளக்குத்தான் எரிகிறதே, பல்பில் என்ன குறை இருக்கும் என்று எங்களில் ஒருவர் கேட்டார். காக்கா பல்பைக் கழற்றிக் காட்டினார். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள்: 5 வாட் இழை இரவு விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. ஒன்று அறுந்தாலும் மற்றது எரியும். ஆனால் இரண்டு பல்புகளிலும் இழைகள் முழுமையாகவே இருந்தன. ஒரு பக்கம் மட்டும் எரியாவிட்டால் பல்பு, ஹோல்டர், எர்த் என்று அந்தப் பக்கத்தில் தேட வேண்டும். எல்லாம் ஒருசேர அணைந்தால் ஃபியூஸையோ பெடல் சுவிட்சையோ சந்தேகிக்க வேண்டும் என்றார் அவர். மூன்றாவது விளக்கு உள்ள கார்களில் அது மட்டும் எரிந்தால், அநேகமாக ஃபியூஸும் சுவிட்சும் நலமாகவே இருக்கும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. பிறகு அவர் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, பிரேக் பெடலுக்கு மேலிருந்த சிறு சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தார். பின்னால் நின்ற நாங்கள் ஒரே குரலில் "எரியுது காக்கா" என்றோம். சுவிட்சின் உள்முனைகள் கருகிப் போயிருந்தன. புதியதன் விலை ஒரு பிரியாணியின் விலையைத் தாண்டவில்லை.

புதிய சுவிட்சைப் போட்டபின் வேறொன்று புலப்பட்டது. பெடலை மிதித்தால் இடப்பக்கம் மங்கலாக எரிந்தது. கூடவே அந்தப் பக்க இண்டிகேட்டரும் இலேசாகக் கண் சிமிட்டியது. எர்த் சரியில்லாதபோது மின்சாரம் வேறு விளக்குகளின் வழியே திரும்பிச் செல்லத் தேடுமாம். கடலோர ஊர்களில் இது சர்வ சாதாரணம். உப்புக்காற்று எந்தத் திருகாணியையும் விட்டு வைப்பதில்லை. எர்த் ஒயர் சேருமிடத்தை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவியதும் இரு பக்கமும் ஒன்றுபோல் எரிந்தன.

ஃபியூஸ் போனால் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது நெருப்பை விருந்துக்கு அழைப்பதற்குச் சமம். புதிய ஃபியூஸும் மீண்டும் மீண்டும் போனால், எங்கோ ஒயர் உரசுகிறது என்று பொருள். பின்கதவு திறந்து மூடும் மடிப்பில்தான் முதலில் பார்க்க வேண்டும். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: பெடலில் சுவிட்சின் முனை அழுந்தும் இடத்திலுள்ள சிறு ரப்பர் உதிர்ந்துவிட்டால் விளக்கு அணையவே அணையாது. நாம் எப்போது நிற்கிறோம் என்பது பின்னால் வருபவருக்குப் புரியாது. காலையில் பேட்டரியும் இறங்கிக் கிடக்கும்.

இருசக்கர வாகனம் வைத்திருப்போர் கைப்பிரேக்கையும் கால்பிரேக்கையும் தனித்தனியே அழுத்திப் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வெவ்வேறு சுவிட்சுகள். ஒன்று வேலை செய்வதால் மற்றது செத்துப் போனது பல மாதங்கள் தெரியாமலே இருந்துவிடும்.

இப்போது வியாழன்தோறும் அஸருக்குப் பிறகு எங்களில் ஒருவர் பெடலை மிதிக்கிறார். ஒருவர் பின்னால் நிற்கிறார். ஆள் கிடைக்காத நாள்களில், இஷாவுக்குப் பின் பள்ளிவாசலின் வெள்ளைச் சுவரை நோக்கி வேனைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தி மிதித்தால், சுவரில் இருபுறமும் சிவப்பு விழுவது கண்ணாடியில் தெரிகிறது. இருக்கைக்கு அடியிலுள்ள டப்பாவில் இரண்டு பல்புகளும், சில ஃபியூஸ்களும், ஒரு துண்டு உப்புத்தாளும் எப்போதும் இருக்கின்றன.