திட்டுவதற்கு ஓர் ஆள்

காசிக்குப் போகவேண்டும் என்று அம்மா சொன்னபோது அவருக்கு வயது 71. "ரயில், ரூம் எல்லாம் நானே போட்டுடறேம்மா" என்றேன். அம்மா ஒன்றும் பேசாமல் கைப்பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். கோயில் வாசலில் கொடுத்தார்களாம். அலகாபாத், காசி, கயா, அயோத்தி, 10 நாள், ரயில், பஸ், தங்குமிடம், மூன்று வேளை நம்மூர்ச் சாப்பாடு, சமையல்காரர்கள் உடன் வருவார்கள். கீழே கொட்டை எழுத்தில் 'அனைத்தும் உட்பட'. அதற்கும் கீழே, கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில், படகு, ஆட்டோ, புரோகிதர் தட்சிணை தனி.

பேக்கேஜ் டூர் என்றாலே எனக்கு இளக்காரம். விடியற்காலை நாலு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள், கொடி பிடித்தவர் பின்னால் ஓடவேண்டும், கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிடும். ஆனால் கயாவில் அப்பாவுக்குப் பிண்டம் வைக்க மகன் வேண்டுமே. இரண்டு சீட்டுக்குப் பணம் கட்டினோம்.

காசியில் எங்கள் விடுதி அனுமான் காட் பக்கம். முற்றத்தில் இரண்டு பெரிய கேஸ் அடுப்பு. டிசம்பர் குளிரில் சமையல்காரர் தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு அண்டாவில் ரவா உப்புமா கிளறிக்கொண்டிருந்தார். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். காகிதக் கப்பில் காபி வந்தது. "மத்தியானத்துக்கு என்ன குழம்பு?" என்று கேட்டார். "வத்தக்குழம்பு, பாட்டி." அம்மா தலையாட்டிவிட்டுக் காபியைக் குடித்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவந்தவர் அவர். கேட்கிற இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

நான் மட்டும் சந்துக்குள் நழுவிப்போய்க் கசோரியும் ஜிலேபியும் சாப்பிட்டேன். எங்கள் கூட்டத்தில் 40 பேர். சாப்பாடு கூடவே வந்ததால் காசிக் கடைக்காரர் எவருக்கும் எங்களால் பெரிதாய் ஒரு லாபமும் இல்லை. அந்தக் குறை எனக்கு இப்போதும் உண்டு. திரும்பி வருவதற்குள் பஸ் 20 நிமிஷம் எனக்காக நின்றிருந்தது. அந்தப் பயணத்தில் டூர் மேனேஜர் தம்பி வாய்விட்டுக் கடிந்துகொண்ட ஒரே ஆள் நான்தான்.

மற்றபடி திட்டு வாங்குவதுதான் அவருக்கு வேலை. முப்பது வயதுகூட இருக்காது, கும்பகோணம் பக்கத்துப் பிள்ளை. கயாவில் வெந்நீர் வரவில்லை. அம்மா தலைமையில் ஏழெட்டுப் பெண்கள் அவரை வளைத்துக்கொண்டார்கள். "காசு வாங்கறப்போ இனிச்சுதா? இந்தக் குளிர்ல பச்சைத் தண்ணியில குளிக்கச் சொல்றியா?" அவர் "பாத்துடலாங்கம்மா, பாத்துடலாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். அரைமணியில் சமையல் அடுப்பிலேயே அண்டா ஏறியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவுக்கு இவ்வளவு உரத்த குரல் உண்டா?

ஐந்து வருஷத்துக்கு முன் ஹம்பிக்கு நான்தான் கூட்டிப்போனேன். படத்தைப் பார்த்து ஹொசப்பேட்டையில் ஒரு விடுதி பிடித்தேன். அங்கும் வெந்நீர் இல்லை. மூன்று நாளும் அம்மா பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். கயாவில் இதை நினைவூட்டியபோது, "நீ பாத்துப் பாத்துப் போட்ட ரூம். அதைப் போய்க் குறை சொல்ல முடியுமா?" என்றார்.

குடும்பப் பயணத்தில் எது கோணினாலும் பழி வீட்டுக்குள்ளேயே விழும். 'நீங்கதானே பாத்தீங்க' என்று மனைவி சொல்வார், அல்லது சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டாவது இன்னும் மோசம். டூர்காரர் வாங்கும் பணத்தில் திட்டு வாங்க ஓர் ஆளுக்கான கூலியும் சேர்த்தி. மலிவு என்கிறார்கள், பாஷை தெரியாத ஊர் என்கிறார்கள். எல்லாம் நிஜம்தான். மொத்தமாக அறை எடுத்தால் விலை குறையும், பேரம் பேசும் தொல்லை இல்லை. ஆனால் மனஸ்தாபம் இல்லாமல் வீடு திரும்ப முடிகிறதே, அதற்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

இந்த வியாபாரத்துக்குப் பிள்ளையார்சுழி போட்டவர் தாமஸ் குக். 1841 ஜூலை 5 அன்று மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்கு, தலைக்கு ஒரு ஷில்லிங் என்று சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் கூட்டிப்போனார். குடிக்காதவர்களுக்காக ஆரம்பித்த தொழில் 1950-இல் மயோர்க்கா தீவில் கூடாரம் போட்ட கிளப் மெட் என்ற நிறுவனத்தின் வழியாக வேறு திசையில் போனது. ஒரு காலத்தில் அவர்களுடைய விடுதிகளில் விருந்தாளிகள் பணப்பையைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டியிருக்கவில்லை. மதுவுக்கு மட்டும் கழுத்து மாலையிலிருந்து மணிகளைக் கழற்றிக் கொடுத்தால் போதுமாக இருந்தது. காசு கண்ணில் படாவிட்டால் செலவும் உறைக்காது என்பதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

குக்கின் நிறுவனம் 2019 செப்டம்பர் 23 அன்று திவாலானது. பிரிட்டிஷ்காரர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர் வெளிநாடுகளில் மாட்டிக்கொண்டார்கள். பிரிட்டிஷ் அரசு விமானங்களை அமர்த்தி அவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பேக்கேஜை நம்பினால் இதுதான் கதி என்று அப்போது நான் எல்லோரிடமும் சொன்னேன். இப்போது யோசித்தால், தனியாகப் போய் மாட்டிக்கொண்டவனைத் தேடி யார் விமானம் அனுப்பியிருப்பார்கள்?

கயாவில், வழக்கப்படி, ஒரு காயையும் ஒரு பழத்தையும் இனிமேல் சாப்பிடாமல் விட்டுவிடச் சொன்னார்கள். பத்து நாளில் அம்மா தானாக முடிவெடுக்கவேண்டி வந்தது அந்த ஒன்றில்தான். வெகுநேரம் யோசித்துக் கொத்தவரங்காயை விட்டார். அவருக்கு அது எப்போதுமே பிடிக்காது.

போன வாரம் அதே மேனேஜர் தம்பி போன் செய்தார். துவாரகை, சோமநாதம், 9 நாள். அம்மா அவரிடம் வெந்நீரைப் பற்றி மறுபடி ஒரு மூச்சு பேசிவிட்டு, என்னை 5,000 ரூபாய் முன்பணம் அனுப்பச் சொன்னார். "நானே ரயில் டிக்கெட் போட்டுக் கூட்டிட்டுப் போறேனே" என்றேன்.

"நீ சும்மா இருடா" என்றார்.