அலகு குத்தியவருக்கு இருமப் பயம்

அன்னதானக் கூடத்து அண்ணன் எங்கேன்னு போன வெள்ளிக்கிழமை நிறைய பேர் கேட்டீங்க. நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்திருக்கிறார்கள். தேறி வருகிறார்.

முதுகுப் பக்கம் ஊசி போட்டு நரம்பை மரத்துப்போக வைக்கலாம் என்று மயக்க மருந்து டாக்டர் முன்கூட்டியே சொன்னாராம். அண்ணன் ஒத்துக்கலை. "18 வருஷம் அலகு குத்தி காவடி எடுத்தவன்யா நான்!" நாங்களும் கேட்டுச் சிரித்தோம். அதுதான் இப்போது உறுத்துகிறது.

மறுநாள் போய்ப் பார்த்தால், மூச்சைப் பாதியிலேயே நிறுத்துகிறார், இருமலை அடக்குகிறார். விலா எலும்புகளுக்கு நடுவே வெட்டிய காயம், ஒவ்வொரு மூச்சுக்கும் அசையும். அதற்குப் பயந்து சளியை வெளியேற்றாமல் கிடந்தால் நிமோனியா வரலாம். மார்பின் கொடுத்தால் தூக்கமும் வாந்தியும். வலி எவ்வளவு என்று நர்ஸ் கேட்டால், பத்துக்கு ரெண்டுதான் என்பார்! எங்களில் ஒருவர்தான் நர்ஸிடம் உள்ளதைச் சொன்னார்.

அன்று சாயங்காலமே போட்டார்கள். ஸ்கேன் கருவியில் பார்த்துக்கொண்டே முதுகுத் தசைக்கு அடியில் மரப்பு மருந்து. தொடர்ந்து மருந்து இறங்க ஒரு மெல்லிய குழாய். எரெக்டர் ஸ்பைனே பிளாக் என்கிறார்கள், 2016இல்தான் இந்த முறை மருத்துவ இதழில் வெளிவந்ததாம். வலி முழுசா போகலை. ஆனா தலையணையை நெஞ்சோட அணைச்சு நல்லா இருமினார்.

எல்லாருக்கும் ஒத்துவராது, இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுறவங்க டாக்டரிடம் முதல்லயே சொல்லிடணும்.

நேற்று போனோம். வெள்ளிக்கிழமைக்கு எத்தனை கிலோ அரிசி என்று கேட்டார். சொன்னோம். பத்தாதுன்னு திட்டினார்.