மூன்று நாளில் ஒரு நாள்

சிங்கப்பூரின் தீயணைப்பு நிலையங்களில் வேலை காலை 8 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8 மணிக்கு முடிகிறது. 24 மணி நேரம் வேலை. பிறகு 48 மணி நேரம் ஓய்வு. மூன்று குழுக்கள் இப்படி மாறி மாறி வருகின்றன. அதனால் தீயணைப்பாளர் வீட்டு நாள்காட்டியில் சனி, ஞாயிறு என்ற கணக்கு இல்லை. ஈசூனில் நான்காம் மாடியில் இருக்கும் ஒரு வீட்டின் நாள்காட்டியில் மூன்று நாளுக்கு ஒரு சிவப்பு வட்டம் இருக்கும். வட்டமிட்ட நாளில் அப்பா இரவு வீட்டில் இருக்கமாட்டார் என்பது அந்த வீட்டுச் சிறுமிக்குப் படிக்கத் தெரிவதற்கு முன்பே தெரியும். விடுப்பு நாள்களைக் கழித்துவிட்டாலும் ஆண்டுக்கு நூறு இரவுகளுக்கு மேல் தேறும்.

“ஒரு நாள் வேலை, இரண்டு நாள் விடுமுறையா? கொடுத்து வைத்தவள்!” என்று தோழிகள் சொல்வார்கள். திருமணமான புதிதில் அவள் அதற்கு விளக்கம் சொல்லிப் பார்த்தாள். இப்போது சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறாள்.

அவள் பிறந்து வளர்ந்தது ஈப்போவில். அங்கே வீடு நிறைய மனிதர்கள். இங்கே கணவர் வேலைக்குப் போய்விட்டால் சுவர்க்கடிகாரத்தின் சத்தம் கேட்கும். முதல் ஆண்டில் அவள் செய்ததெல்லாம் காத்திருந்ததுதான். தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும், கை கைப்பேசியை விட்டு அகலாது. தெருவில் அபாயச் சங்கு ஒலித்தால் சன்னலுக்கு ஓடுவாள். போகிற வண்டி எந்த நிலையத்தைச் சேர்ந்தது என்று நான்காம் மாடியிலிருந்து எப்படித் தெரியும்? தெரியாது. ஆனாலும் பார்ப்பாள். இரவு இரண்டு மணிவரை விழித்திருந்துவிட்டு, மறுநாள் களைத்துப்போய் வரும் கணவரை அவரைவிடக் களைத்த முகத்தோடு வரவேற்பாள்.

ஹில் ஸ்திரீட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட மத்திய தீயணைப்பு நிலையம் இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்தில் தீயணைப்பாளர்களின் குடும்பங்கள் அந்த வளாகத்திலேயே குடியிருந்தன. மணி அடித்தால் மனைவிக்குக் கேட்கும். வண்டி திரும்பி வந்தால் கண்ணுக்குத் தெரியும். அது நல்லதா கெட்டதா என்று சொல்வது கடினம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பதும் ஒரு வேதனைதான். ஈசூன் வீட்டில் இருப்பவளுக்கு மணியும் கேட்காது, வண்டியும் தெரியாது. மிஞ்சியிருப்பது கற்பனை மட்டும். வெறும் கையோடு உட்கார்ந்திருப்பவர்களிடம் அது தாராளமாக விளையாடும்.

ஈப்போவிலிருந்து வந்த அம்மா தம்முடைய பழைய தையல் இயந்திரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். “சும்மா உட்கார்ந்திருந்தால் மனசு கண்டதையும் நினைக்கும், மா. துணியில் கையை வை” என்றார். முதலில் தலையணை உறை தைத்தாள். பிறகு மகளுக்குப் பாவாடை. மெல்ல மெல்ல அண்டை வீட்டார் இரவிக்கைத் துணியோடு வரத் தொடங்கினார்கள். எதிர்வீட்டு மலாய்ப் பெண்மணி, மகள் ‘மக்சிக்’ என்று அழைப்பவர், நோன்புப் பெருநாளுக்கு முன்பு பாஜு குரோங் துணிகளைக் கட்டாகக் கொண்டுவந்துவிடுவார். சிவப்பு வட்டமிட்ட நாள்களுக்கென்றே அவள் வெட்டும் வேலையை ஒதுக்கி வைப்பாள். தைக்கும்போது மனம் எங்கேயாவது போகலாம். வெட்டும்போது போகக்கூடாது, அரை அங்குலம் தவறினால் துணி போய்விடும்.

வீட்டுக்கு வெளியே நடைவழியில் மல்லிகைத் தொட்டிகளும் வைத்தாள். ஐந்து தொட்டி எட்டு ஆனது. ஓய்வு நாளில் கணவர் அளவு நாடாவை எடுத்து வந்து தரையில் குனிந்தார். அடுக்குமாடிக் கட்டடங்களின் பொது நடைவழியில் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்க வேண்டும் என்பது விதி. புகை சூழ்ந்த நேரத்தில் தட்டுத் தடுமாறி வெளியேறுகிறவர்களுக்கும், தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு உள்ளே வருகிறவர்களுக்கும் அந்த இடம் வேண்டும்.

“என்னங்க, நம்ம வீட்டு வாசலிலுமா?” என்று கேட்டாள்.

“நம்ம வீட்டு வாசலில்தான் முதலில்” என்றார்.

மூன்று தொட்டிகள் மக்சிக் வீட்டுக்குள் குடியேறின.

வேலை முடிந்து வரும் காலைப்பொழுதுக்கும் சில பழக்கங்கள் உண்டு. ஒன்பது மணிக்கு வருகிறவர் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கப் போவார். இரவில் எத்தனை முறை எழுந்தார் என்பது அவர் உண்ணும் வேகத்திலேயே தெரிந்துவிடும். நண்பகல்வரை அந்த வீட்டில் அரவை இயந்திரம் ஓடாது. சட்டினி முதல் நாள் இரவே அரைத்து வைக்கப்பட்டிருக்கும். தையல் இயந்திரமும் வாய் திறக்காது. மகள் பூனைபோல் நடக்கக் கற்றுக்கொண்டாள். தீபாவளி வட்டத்துக்குள் விழுந்த ஆண்டில் அவர்கள் மறுநாள் பிற்பகல் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். பலகாரம் கெட்டுப்போகவில்லை. சனிக்கிழமை காலைகளில் தீயணைப்பு நிலையத்தைப் பொதுமக்கள் சுற்றிப் பார்க்கலாம். ஒருமுறை மகளை அழைத்துப் போனாள். மற்றப் பிள்ளைகள் வண்டியைப் பார்த்தார்கள். அவள் மகள் அப்பா எங்கே தூங்குவார் என்று கேட்டாள்.

2022-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி நாள்காட்டியில் வட்டம் இருந்தது. பிற்பகலில் ஈப்போவிலிருந்து அம்மா அழைத்தார். குரல் சரியாக இல்லை. “அங்கே தீயணைப்பாளர் ஒருவர் இறந்துவிட்டாராமே. மாப்பிள்ளை எங்கே, மா?”

அவள் கணவரின் கைப்பேசிக்கு அழைத்தாள். பதில் இல்லை. அது புதிதல்ல, வேலை நேரத்தில் பெரும்பாலும் பதில் வராது. ஆனால் அன்றைக்கு அந்த மௌனத்தின் எடை வேறாக இருந்தது. தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே இரண்டு கிலோ சின்ன வெங்காயம் இருந்தது. தரையில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினாள். “ஏம்மா அழுகிறீங்க?” என்று மகள் கேட்டபோது காரணம் சொல்ல வெங்காயம் கையில் இருந்தது. பை காலியாவதற்குச் சற்று முன்பு குறுஞ்செய்தி வந்தது: “நான் நலம்.” இரண்டே சொற்கள்.

ஹெண்டர்சன் ரோட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டில் மூண்ட தீயை அணைக்கச் சென்ற 19 வயது தேசிய சேவையாளர் ஒருவர் அன்று உயிரிழந்தார். அவள் கணவர் மகிழ்ச்சியைப்போலவே துயரத்தையும் அதிகம் பேசமாட்டார். மறுநாள் காலை வந்து, காலணியைக் கழற்றாமல் வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தன் கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற நிம்மதி அவளுக்கு இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வெட்கமும் இருந்தது. வேறொரு வீட்டில் அதே நேரத்தில் ஒரு தாய்க்குச் செய்தி போயிருக்கிறது. அந்த வாரம் முழுதும் வீட்டில் வெங்காயச் சாம்பார்தான். யாரும் குறை சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் சமூக மன்றத்தில் நடந்த முதலுதவிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள். இதயம் நின்றுபோனவருக்குச் செய்யும் ‘சிபிஆர்’ முறையையும், மின்தூக்கி அருகே பெட்டியில் மாட்டியிருக்கும் ‘ஏஇடி’ கருவியைப் பயன்படுத்தும் விதத்தையும் அங்கே கற்றுக்கொடுத்தார்கள். நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். தையல் இயந்திரம் மிதித்துப் பழகியவளுக்கு அந்தச் சீரான தாளம் எளிதாகவே வந்தது, கைவலிதான் புதிது. பயிற்சி முடிந்ததும் குடிமைத் தற்காப்புப் படையின் ‘மைரெஸ்பாண்டர்’ செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டாள். 2015-இல் அறிமுகமான அந்தச் செயலி, 400 மீட்டர் தொலைவுக்குள் யாருக்காவது இதயம் நின்றிருக்கலாம் எனத் தெரிந்தால் அருகில் இருப்பவர்களை அழைக்கும். மருத்துவ வாகனம் வந்து சேரும்வரை உள்ள சில நிமிடங்கள்தான் உயிருக்கு விலை.

பல மாதங்கள் அது அழைக்கவே இல்லை. பிறகு ஒரு வியாழக்கிழமை, வட்டமிட்ட நாள், மாலை ஏழு மணிக்கு அழைத்தது. அடுத்த கட்டடம். அடுப்பில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மகளை மக்சிக்கிடம் விட்டுவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினாள். கீழ்த்தளத்துப் பெட்டியிலிருந்து கருவியை எடுத்துக்கொண்டு போனபோது, ஓர் இளைஞர் ஏற்கெனவே ஒரு முதியவரின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். இருவரும் மாறி மாறி அழுத்தினார்கள். கருவி சொன்னதைச் செய்தார்கள். முதியவரின் மனைவி கூடத்தில் நின்று, அவருடைய மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். மருத்துவ உதவியாளர்கள் வந்து முதியவரை எடுத்துச் சென்றார்கள். அவர் பிழைத்தாரா என்பது அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை.

அன்றிரவு அவள் எதையும் தைக்கவில்லை, வெட்டவில்லை. மகளைப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கிவிட்டாள். அபாயச் சங்கு ஒலித்திருந்தால்கூடக் கேட்டிருக்காது.

காலையில் கணவர் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் தோள்பையை இறக்காமல், கதவில் சாய்ந்தபடியே கேட்டார். சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“அடுப்பை அணைத்துவிட்டுத்தானே போனாய்?”

கவனிக்காமல் விட்ட அடுப்பால் மூண்ட தீயை எத்தனை வீடுகளில் அவர் அணைத்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

“அணைத்தேங்க.”

“எரிவாயுக் குழாயையும்?”

“அதையும்தான்.”

அவர் தோள்பையை இறக்கி வைத்தார். “மீன் குழம்பு இருக்கிறதா?” என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போனார்.