ஏட்டில் கண்டதும் திரையில் கண்டதும்

ஒரு கதை திரைப்படமாக வரவிருக்கிறது என்று கேள்வியுற்றால், படம் வெளிவருமுன் அதன் மூலநூலைப் படித்து முடித்துவிடுவது என் வழக்கம். "முன்னரே படித்துவிட்டால் படத்தின் சுவை குன்றிவிடாதோ?" என்று நண்பர் சிலர் வினவுவர். அவ்வினாவுக்கு விடை தந்தது, சூசன் காலின்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளர் இளைஞர்க்கென எழுதிய கதைத்தொடர் ஒன்றாகும்.

அத்தொடரின் முதல் நூலுக்கு 'தி ஹங்கர் கேம்ஸ்' என்று பெயர். 'பசி விளையாட்டு' என்று அதனைத் தமிழில் கூறலாம். அந்நூல் 2008-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடுத்த இரு நூல்களும் 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. முதல் நூலைத் தழுவிய திரைப்படம் 2012-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளியாயிற்று. அதற்கு முன்னரே மூன்று நூல்களையும் வரிசையாகப் படித்து முடித்திருந்தேன்.

கதை எதிர்காலத்தில் நிகழ்கிறது. வட அமெரிக்கா சீரழிந்த பின்னர் அந்நிலத்தில் பானெம் என்றொரு நாடு தோன்றுகிறது. அங்கே செல்வம் கொழிக்கும் தலைநகரம் ஒன்று. அதற்காக உழைக்கும் மாவட்டங்கள் பன்னிரண்டு. மாவட்டங்கள் முன்னொரு காலத்தில் தலைநகரை எதிர்த்துக் கிளர்ந்து தோல்வியுற்றன. அத்தோல்வியை மக்கள் மறவாதிருக்கும்பொருட்டு ஆண்டுதோறும் கொடிய விளையாட்டு ஒன்று நடத்தப்படுகிறது. மாவட்டத்திற்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக, 12 முதல் 18 வயது வரையுள்ள இளையோர் 24 பேர் களத்தில் இறக்கப்படுவர். ஒருவரே எஞ்சும்வரை அவர்கள் ஒருவரையொருவர் கொல்லவேண்டும். அதனை நாடு முழுவதும் தொலைக்காட்சியில் காணவேண்டும்.

கதையைக் கூறுபவள் காட்னிஸ் என்னும் 16 வயதுப் பெண். அவள் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பன்னிரண்டாம் மாவட்டத்தைச் சேர்ந்தவள். தந்தை சுரங்க வெடிவிபத்தில் மாண்டபின், வேட்டையாடித் தாயையும் தங்கையையும் காப்பவள் அவளே. களத்திற்குச் செல்வோரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுப்பர். ஒருவரின் பெயர் 12 வயதில் ஒரு சீட்டிலும், 13 வயதில் இரு சீட்டுகளிலுமாக ஆண்டுக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே செல்லும். ஏழைகளுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. தம் பெயரெழுதிய சீட்டு ஒன்றை மிகுதியாக இட்டால், ஓர் ஆளுக்கு ஓராண்டுக்குரிய தானியமும் எண்ணெயும் கிடைக்கும். அதுவும் அரை வயிற்றுக்கே போதும்.

காட்னிஸ் தனக்கும் தாய்க்கும் தங்கைக்குமாக ஆண்டுதோறும் மூன்று சீட்டுகளை மிகுதியாக இட்டவள். ஐந்து ஆண்டுகளில் அவை 15 ஆயின. முறைப்படி உரிய 5 சீட்டுகளையும் சேர்த்தால் 20. அவள் தோழன் கேலுக்கு வயது 18. ஐவர் அடங்கிய குடும்பம் அவனுடையது. ஆதலால் அவன் பெயர் 42 சீட்டுகளில் இருந்தது. உணவுக்கு வாடாத வீட்டுப் பிள்ளைக்கோ அதே வயதில் 7 சீட்டுகளே. இக்கணக்கை நான் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். குலுக்கல் அனைவர்க்கும் பொது என்று காட்டிக்கொள்ளும் அரசின் நடுநிலை எத்தகையது என்பதை எஞ்சிய 35 சீட்டுகளும் உரைத்தன. அவை ஒவ்வொன்றும் தானியத்திற்கு ஈடாக வைத்த உயிர் அன்றோ! படத்தில் இச்செய்தி ஓரிரு உரையாடல்களில் கடந்துபோகிறது. திரை நமக்காக நிற்பதில்லை. நூலோ நாம் நிறுத்திய இடத்தில் நிற்கும்.

பானெம் என்னும் பெயரே இலத்தீனில் ரொட்டியைக் குறிக்கும் சொல்லினின்று வந்தது. ரோமாபுரியின் ஆட்சியாளர் இலவசத் தானியமும் களியாட்டமும் அளித்து மக்களை அடக்கி வைத்திருந்ததை அப்பெயர் நினைவூட்டுகிறது. நூலில் என் நெஞ்சைத் தொட்ட நிகழ்ச்சியும் ஒரு ரொட்டியைப் பற்றியதே. பதினோராம் மாவட்டத்துச் சிறுமி ரூ களத்தில் இறக்கிறாள். காட்னிஸ் அவள் உடலை மலர்களால் அலங்கரிக்கிறாள். பின்னர் அம்மாவட்டத்து மக்களிடமிருந்து அவளுக்குச் சிறிய ரொட்டி ஒன்று வந்து சேர்கிறது. அதன் விலையைத் திரட்ட எத்தனை ஏழைகள் தம் உணவைச் சுருக்கினரோ என்று அவள் எண்ணுகிறாள். படத்தில் அந்த ரொட்டி இல்லை. மக்கள் சினந்தெழும் கலவரக் காட்சி இருக்கிறது. கலவரம் கண்ணுக்குப் பெரியது. ஆயினும், பசித்தவர் அனுப்பிய அந்த ரொட்டியை நான் படித்து அறிந்திருந்தமையால் அக்கலவரத்தின் வேரையும் கண்டேன்.

படத்தைக் குறைத்துக் கூறுவது என் கருத்தன்று. நூலில் காட்னிஸ் அறிந்தவற்றை மட்டுமே நாம் அறிவோம். படமோ, விளையாட்டை இயக்குவோர் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து, பொறிகளைத் தொட்டு, காட்டில் நெருப்பை ஏவுவதைக் காட்டுகிறது. கொடுமை செய்வோர் தூய உடையணிந்து, தம் கடமையைச் செய்வதுபோல் அமைதியாக இருப்பதைக் கண்டபோது என் உள்ளம் நடுங்கிற்று.

அப்போது மற்றோர் எண்ணமும் எழுந்தது. தொலைக்காட்சியில் ஒருபுறம் போட்டி நிகழ்ச்சியையும் மறுபுறம் ஈராக்குப் போர்க் காட்சிகளையும் மாற்றி மாற்றிக் கண்டபோது இக்கதைக்கு வித்து விழுந்ததாக நூலாசிரியர் கூறியுள்ளார். நானும் மெத்தென்ற இருக்கையில் அமர்ந்து இளையோர் மடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைநகர மக்களும் அவ்வாறே அமர்ந்திருந்தனர். நூல் என்னைக் காட்னிஸின் உள்ளத்தில் இருத்தியது. திரையோ என்னைப் பார்ப்பவர் வரிசையில் இருத்தியது. முன்னரே படித்திராவிடில் இவ்வேறுபாடு எனக்குப் புலப்பட்டிராது.

தங்கைக்கு மாற்றாகக் காட்னிஸ் களம் செல்ல முன்வரும்போது, கூடியிருந்த மக்கள் கைதட்ட மறுக்கின்றனர். மூன்று விரல்களை உதட்டில் வைத்து அவளை நோக்கி நீட்டுகின்றனர். வெறும் பார்வையாளராய் இருக்க மறுத்தவர்களின் செய்கை அது. 2014-ஆம் ஆண்டில் தாய்லாந்தில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோதும், 2021-ஆம் ஆண்டில் மியன்மரிலும், எதிர்த்து நின்ற மக்கள் அந்த மூன்று விரல்களையே உயர்த்தினர். தாய்லாந்தில் அதற்காக மாணவர் சிலர் பிடித்துச் செல்லவும் பட்டனர்.

ஆதலால், சுவை குன்றாதோ என்று வினவும் நண்பர்க்கு நான் கூறுவது இதுவே: கதையின் முடிவை முன்னரே அறிதல் இழப்பன்று. படித்தவர் திரையரங்கினுள் தனியே செல்வதில்லை. கதைமாந்தரின் பசியையும் அச்சத்தையும் உடன்கொண்டு செல்கின்றனர்.