மண்வெட்டிப் பிடி

ஆங்கில அகராதிகளிலே 'மமோட்டி' என்றொரு சொல் இடம்பெற்றிருக்கிறது. வேறொன்றுமில்லை, நம்முடைய மண்வெட்டிதான். தோட்டங்களிலும், பாதை போட்ட இடங்களிலும், குளம் கட்டிய இடங்களிலும் கூலியாட்களின் வாயிலிருந்து கேட்டு வெள்ளைத் துரைமார் கணக்கேட்டில் எழுதி வைத்த சொல். எழுதியவருக்கு அதைப் பிடித்துப் பழக்கமில்லை. பிடித்தவனுக்கு எழுதிப் பழக்கமில்லை. பின்னர் இங்கிலாந்திலே வுல்வர்ஹாம்ப்டன் நகரத்து ஆலையிலிருந்து முதலை மார்க் மண்வெட்டிகள் வெப்ப நாடுகளுக்கெல்லாம் கப்பலேறின. கப்பலேறியது இரும்பு, பிடியோ அந்தந்த நாட்டு மரத்தில், அந்தந்த நாட்டு உழைப்பாளி சீவிப் போட்டுக்கொள்ள வேண்டிய பொருள். ஆகவே ஏட்டிலே இரும்புக்கு விலை உண்டு, பிடிக்கு இல்லை.

எங்கள் அளவெட்டியிலும் கணக்கு இதுவேதான். அளவெட்டி என்றால் வெளியூரார்க்கு நாதஸ்வரமும் தவிலும் நினைவுக்கு வரும். ஊரில் உள்ளவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது செம்மண்ணும் கிணறும் புகையிலையும் வெங்காயமும். ஆறில்லாத நாட்டிலே சுண்ணாம்புக் கல்லைப் பிளந்து கிணறு தோண்டி, வாய்க்கால் கட்டிப் பாத்தி பிடித்து வாழும் ஊர். அந்தப் பாத்திகளைப் பிடித்த கைகளில் பெரும்பாலானவற்றுக்கு நிலம் சொந்தமில்லை. கூலிக்கு வருபவன் தன் மண்வெட்டியோடு வரவேண்டும். மண்வெட்டி இல்லாதவனை யாரும் கூப்பிடுவதில்லை. காலை பத்து மணிக்கு, இன்னொருவருடைய நிலத்தில், இன்னொருவருடைய கல்லை நெம்பும்போது பிடி முறிந்தால் அந்த நட்டம் அவனுடையது. பிடியும் போயிற்று, அரைநாட் கூலியும் போயிற்று. இதை அநியாயம் என்று சொன்னால் நல்ல மனிதர்கள்கூட வியப்போடு பார்ப்பார்கள். "அவன்ரை மண்வெட்டிதானே?" என்பார்கள். ஒப்பந்தம் எழுதாத இடத்தில் வழக்கமே சட்டமாகி, அந்தச் சட்டம் எப்போதும் ஒரு பக்கமே சாய்ந்துகொண்டிருப்பதை நம் பொருளியற் பாடநூல்கள் எந்த அத்தியாயத்திலே சேர்க்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டது. வலிகாமம் வடக்கின் கரையோர மக்கள் ஓடிவந்தார்கள். இலங்கையின் பெரிய மீன்பிடித் துறைகளுள் ஒன்றாகிய மயிலிட்டியும் அன்று வெறுமையாயிற்று. நேர்கோட்டில் அளந்தால் மயிலிட்டிக்கும் அளவெட்டிக்கும் இடையே பத்துக் கிலோமீற்றர்கூட இராது. ஆனால் அது கடல், இது தோட்டம். மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் ஒதுங்கிய கடற்றொழிலாளர், வலையும் படகும் இழந்து, காலையில் எங்கள் ஊர் ஒழுங்கைகளில் கூலி தேடி நடந்தார்கள். சவள் வலித்த கைகள் மண்வெட்டிப் பிடிக்கு வந்தன. "கடற்காரருக்கு மண் வேலை தெரியாது" என்று சொல்லிக் கூலியைக் குறைத்தவர்களும் இருந்தார்கள். குறைத்த கூலிக்கு வாங்கிய வேலை மட்டும் குறையவில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதுமே தெருவுக்கு வந்தது. சில மாதங்கள் தென்மராட்சியில் நாங்களும் அகதிகள். மறு ஆண்டு திரும்பியபோது என் வீட்டில் கதவில்லை, யன்னலில்லை. கொட்டிலின் மூலையில் மூன்று மண்வெட்டிகள் துருவேறிக் கிடந்தன, ஒன்றிலும் பிடியில்லை. கறையானும் யாரோ மூட்டிய அடுப்பும் மரத்தையெல்லாம் தின்றிருந்தன. அகதி என்ற சொல்லின் பொருளை ஊர் முழுவதும் அப்போது கற்றது. கற்றதை மறக்க அதற்கு அதிக காலம் பிடிக்கவில்லை.

நான் சொல்ல வந்தது 2004இல் நிகழ்ந்தது. போர்நிறுத்தக் காலம். வெங்காயத்துக்கு மண் கொத்தும்போது என் மண்வெட்டியின் பிடி கண்ணோடு ஒட்ட முறிந்தது. முகாமிலிருந்து வந்து வேலை செய்த மயிலிட்டிப் பெரியவர் அதை வாங்கிப் பார்த்தார். அவரை நான் அண்ணை என்று அழைப்பேன். என் அயலவர் ஒருவர் தம்மிலும் இருபது வயது மூத்த அந்த மனிதரை 'நீ' என்றே அழைத்தார். யாழ்ப்பாணத்தில் 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்னும் மூன்று சொற்களும் இலக்கணத்துக்கு உட்பட்டவையல்ல, காணி உறுதிக்கு உட்பட்டவை.

நான் முப்பது ஆண்டு பௌதிகம் படிப்பித்தவன். நெம்பும்போது வளைக்கும் விசை முழுவதும் கண்ணின் வாயிலே குவிகிறது, மண்ணின் ஈரமும் அங்கேதான் தங்கி மரத்தை உளுக்கவைக்கிறது, ஆதலால் பிடி அங்கே முறிவதில் வியப்பில்லை என்று எனக்குத் தெரியும். முறிந்ததை ஒட்டலாமா என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. கேட்டேன்.

"சவளெண்டால் ஒட்டலாம், மாஸ்டர். ரண்டு பக்கமும் ஒரு சாணும் நாலு விரலும் சரிவாய்ச் சீவி, முகத்துக்கு முகம் வைச்சுப் பசை போட்டு, நூலாலை இறுக்கி வரிஞ்சு கட்டினால் இன்னும் அஞ்சு வருசம் ஓடும். சவள் வளையும், வளைஞ்சு நிமிரும். மண்வெட்டி அப்பிடியில்லை, அதிரும். அந்த அதிர்ச்சிக்கு ஒட்டு நிக்காது. புதுப்பிடிதான் போடவேணும்."

ஒன்றரை அங்குலத் தடிப்புள்ள தண்டுக்கு ஒரு சாணும் நாலு விரலும் என்றால் தடிப்பைப்போல் எட்டு மடங்கு. மரவேலை நூல்கள் சரிவு ஒட்டுக்குச் சொல்லும் விகிதமும் ஏறத்தாழ அதுவே. இந்த மனிதருக்குத்தான் வேலை தெரியாது என்று கூலி குறைத்தார்கள்.

கண்ணுக்குள் இறுகிய கட்டையை நெருப்பிலே போட்டு எரித்தெடுப்பது ஊரில் பலரும் செய்வது. அவர் விடவில்லை. "கட்டை எரியும், அதோடை இரும்பின்ரை பதமும் போகும். பிறகு கல்லிலை பட்டால் வாய் மடியும்." கட்டையின் நடுவிலே துளையிட்டு, உளியால் சிறிது சிறிதாகக் கிண்டி எடுத்தார். பிடிக்கு மரம் அன்று அவர் தேடவில்லை. மறுநாள் முகாமிலிருந்து ஒரு பூவரசந்தடியைக் கொண்டுவந்தார். எங்கள் வேலிகளில் குழைக்காக வெட்டும்போது கழித்துவிடும் கதியால்களில் நேரானவற்றைக் கேட்டு வாங்கி, பிளந்து, தம் குடிசைக் கூரையில் செருகி வைத்திருந்தாராம். பச்சைத் தடியைக் கண்ணிலே இறுக்கினால் காய்ந்து சுருங்கிக் கழன்றுவிடும். வெயிலில் காயவிட்டால் வெடிக்கும். நிழலில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டும். வாளால் அறுத்த தடியும் அவருக்கு ஆகாது. "அறுத்தால் நார் இடையிலை அறும். பிளந்தால் நார் போற வழியிலை மரம் வரும்." சொந்த நிலத்தில் ஒரு நாள் படுக்க வழியில்லாத மனிதர், அடுத்த ஆண்டு யாருக்கோ முறியப்போகும் பிடிக்கு இந்த ஆண்டே மரம் உலர்த்திக்கொண்டிருந்தார்.

(அதே பூவரசுதான் தவிலடிக்கும் கழியையும் தருகிறது. இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவர் கை பட்ட கழியைப் பற்றிப் பேச ஊரில் இன்றும் ஆளுண்டு. பேசத்தான் வேண்டும். பிடியைப் பற்றிப் பேச ஆளில்லை என்பதே என் குறை.)

வாய்ச்சியால் செதுக்கி, கத்தியால் இழைத்து, உடைந்த போத்தல் கண்ணாடியால் சுரண்டி மழமழப்பாக்கினார். இடையிடையே என்னை அழைத்துப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். என் உள்ளங்கைக்குப் பொருந்தும்வரை சுரண்டினார். பருத்த முனை கண்ணிலே இறுகுமாறு மேலிருந்து செலுத்தி, அந்தப் பருத்த முனையைக் கல்லிலே நாலு தட்டுத் தட்டினார். இரும்பு தானாகவே இறங்கி இறுகியது. இலுப்பெண்ணெய் பூசிச் சுவரில் சாத்தினார்.

என்ன தரவேண்டும் என்று கேட்டேன். "பிடிக்கு ஆர் காசு வாங்கிறது?" என்று சிரித்தார். வேலை செய்தது அரைநாள். அரைநாட் கூலியைக் கொடுத்தேன். கதியால் என் வேலியினது என்றால் உலர்த்திய காலம் அவருடையது. மாலையில் அயலவர் வேலிக்கு மேலாற் கூப்பிட்டார். "நீர் ஊர்க் கூலியைக் கெடுக்கிறீர். இண்டைக்குப் பிடிக்குக் குடுத்தால் நாளைக்கு மண்வெட்டிக்கு வாடகை கேப்பாங்கள்." கேட்கட்டுமே என்றேன். உழவு இயந்திரம் வைத்திருப்பவன் மணித்தியாலக் கணக்கில் வாடகை வாங்குகிறான். அதை அவர் முகம் சுளிக்காமற் கொடுக்கிறார். ஒருவனுடைய கருவி பெரிதானால் மூலதனம், சிறிதானால் அவனுடைய கடமையா? இதற்கு அவர் மறுமொழி சொல்லவில்லை. அதன்பின் இரண்டு மாதம் என்னோடு பேசவுமில்லை. ஆனால் செய்தி முகாமுக்குப் போயிற்று. அந்த ஆண்டு புகையிலை நடுகைக்கு வந்த சிலர், வேலையில் பிடி முறிந்தால் அன்றைய கூலி குறையக்கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டு தோட்டக்காரர் ஒத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் வேறு ஆட்களைத் தேடிக்கொண்டார்கள்.

2017இன் தொடக்கத்திலே மயிலிட்டியை விடப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. அதுபோன்ற பேச்சு இருபத்தேழு ஆண்டுகளில் எத்தனையோ முறை எழுந்ததுதான். ஆயினும் பெரியவர் என் வேலிக்கு வந்தார். அதற்குள் அவர் பார்வை மங்கிவிட்டது, தடவித்தான் பார்த்தார். நெடுநேரம் தடவி, ஆளுயரத்துக்கு மேல் நேராக நின்ற ஒரு பூவரசங் கதியாலைத் தெரிந்து வெட்டுவித்தார். பேரனுடைய படகுக்குச் சவளாம். படகில் இயந்திரம் இருக்கிறதே என்றேன். "எஞ்சின் நடுக்கடலிலை நிண்டால் ஆரைக் கூப்பிடுறது, மாஸ்டர்?" என்றார். தடி வழக்கம்போல் கூரைக்குப் போயிற்று.

யூலை 3ஆம் திகதி துறைமுகத்தோடு 54 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. அடுத்த வாரம் சவளைச் சைக்கிளிலே கட்டிக்கொண்டு பேரன் முன்னே போக, பெரியவர் பஸ்ஸில் போனார். அவருடைய வீட்டுக் காணி அந்த 54 ஏக்கருக்குள் அடங்கவில்லை. காலையில் கரைக்குப் போய், பேரன் கரை சேரும்வரை இருந்துவிட்டு, மாலையில் மல்லாகத்து முகாமுக்கே திரும்பினார்.