வேடசந்தூர் வெயிலும் ஒரு சொம்புத் தண்ணீரும்... வீடு தேடி வரும் செவிலியர்களின் கோடைக்காலம்!

சித்திரை மாதத்துப் புதன்கிழமை. திண்டுக்கல்லில் இருந்து கரூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்கு இந்த மாதத்தில் யாரும் சண்டை போடுவதில்லை. காலை 9 மணிக்கே முகத்தில் அனல் அடிக்கிறது.

வழியில் தாடிக்கொம்பு. இங்குள்ள சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் மருத்துவக் கடவுளான தன்வந்திரிக்குத் தனிச் சன்னிதி உண்டு. நோய் தீர வேண்டி வெளியூர்களில் இருந்தும் வருகிறார்கள். அதைத் தாண்டி, இருபுறமும் முருங்கைத் தோட்டங்களும் மில் கட்டடங்களும் மாறி மாறி வந்தால் வேடசந்தூர் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். திண்டுக்கல்லில் இருந்து சுமார் 20 கிலோமீட்டர்.

பஸ் ஸ்டாண்டில் முருங்கைக்காய் மூட்டைகள், மில் வேனுக்குக் காத்திருக்கும் பெண்கள், கம்பங்கூழ் வண்டியைச் சுற்றி ஒரு கூட்டம். இந்தக் கூட்டத்துக்கு நடுவே, தோளில் நீல நிறப் பெட்டியோடு போகும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர் கிராம சுகாதார செவிலியர். புதன்கிழமை தடுப்பூசி நாள். பெட்டிக்குள் நான்கு ஐஸ் பேக்குகளுக்கு நடுவே மருந்துக் குப்பிகள். அவர் போகவேண்டிய ஊருக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

பருவநிலை மாற்றம் என்றதும் உருகும் பனிமலையும் மூழ்கும் தீவும்தான் நினைவுக்கு வரும். வேடசந்தூரில் அது இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே படுத்திருக்கும் தாத்தாவின் முதுகில் இருக்கிறது. வேலை முடிந்து வரும் கர்ப்பிணியின் தலைசுற்றலில் இருக்கிறது.

ஆறு இருக்கு... தண்ணி?

வேடசந்தூரின் ஆறு, குடகனாறு. மேற்கே மலையடிவாரத்தில் பிறந்து, ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கம், திண்டுக்கல், வேடசந்தூர் என்று வடக்கு நோக்கி ஓடி, கரூர் மாவட்டத்தில் அமராவதியில் கலக்கிறது. ஓடுகிறது என்று சொல்வது மழைக்காலத்துக்குத்தான் பொருந்தும். கோடையில் மணலும் சீமைக்கருவேலமும்தான் கண்ணில் படும்.

இதே ஆறு ஒருமுறை ஊரையே மிரட்டியது. 1977-ல் பெருவெள்ளம் கரைக்கு மேல் வழிந்து, வேடசந்தூர் அருகே அழகாபுரியில் இருந்த குடகனாறு அணை உடைந்தது. மண் அணை என்பதால் தாக்குப்பிடிக்கவில்லை. பிறகு திரும்பக் கட்டினார்கள். பெய்தால் ஒரேயடியாகப் பெய்வதும், இல்லாவிட்டால் ஏமாற்றுவதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பூமி சூடேறச் சூடேற, இந்த இரண்டு முனைகளும் இன்னும் கூர்மையாகும் என்று விஞ்ஞானிகள் எச்சரிக்கிறார்கள்.

தண்ணீர் தினமும் வராத ஊர்களில் வீட்டு வாசலில் டிரம்கள் வரிசையாக நிற்கும். அங்கேதான் அடுத்த சிக்கல். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையைவிட இப்படிச் சேமித்து வைத்த நல்ல தண்ணீரைத்தான் விரும்பும். டிரம்மின் உள்சுவரில் ஒட்டிய அதன் முட்டைகள், தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஊற்றியதும் பொரிந்துவிடும். மழைக்காலத்தில் மட்டுமல்ல, பஞ்ச காலத்திலும் டெங்கு வரக் காரணம் இதுதான். 'மூடி வைங்க, வாரத்துக்கு ஒருமுறை தேய்ச்சுக் கழுவுங்க' என்று வீடு வீடாகச் சொல்லும் வேலையும் சுகாதாரப் பணியாளர்கள் தலையில்தான் விழுகிறது.

நூலுக்கு ஈரம் வேணும்... உடம்புக்கு?

வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் அதிகம். பஞ்சு நூலாகும்போது காற்று வறண்டிருந்தால் இழை அறுந்துபோகும். அதனால் நூற்புப் பகுதியில் செயற்கையாக ஈரப்பதம் ஏற்றுவார்கள். இழைக்கு அது நல்லது. மனித உடம்புக்கோ கஷ்டம். நம் உடம்பு குளிர்வதே வேர்வை காய்வதால்தான். ஈரக் காற்றில் வேர்வை வழியுமே தவிர, காயாது. வெளியே வெயில் ஏறும் நாளில், உள்ளே நின்றுகொண்டே வேலை செய்யும் பெண்ணின் உடம்பு இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது.

வயலிலும் நிலைமை வேறு மாதிரி இல்லை. மெல்லும் புகையிலைக்குப் பெயர்போன வட்டாரம் இது. மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையமே வேடசந்தூரில் இருக்கிறது. பச்சைப் புகையிலை இலையைக் கையாளும்போது, வேர்வையில் நனைந்த தோல் வழியாக நிகோடின் உடம்புக்குள் போகும். குமட்டல், தலைவலி, கிறுகிறுப்பு வரும். வெயில் அடித்தாலும் இதே அறிகுறிகள்தான். வந்து நிற்கும் பெண்ணிடம் 'இன்னிக்கு என்ன வேலை பார்த்தே தாயி?' என்று செவிலியர் கேட்கும் ஒரு கேள்விதான், எது எதனால் வந்தது என்று பிரித்துக் காட்டும்.

கர்ப்பிணிகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர், தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து ஆய்வு செய்தார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் என்று கடும் வெப்பத்தில் வேலை பார்த்தவர்கள் ஒருபுறம், பள்ளி, மருத்துவமனை போன்ற குளிர்ச்சியான இடங்களில் வேலை பார்த்தவர்கள் மறுபுறம். 2024-ல் வெளியான முடிவு அதிர வைத்தது. வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் சுமார் இரண்டு மடங்கு.

கர்ப்பிணிக்கு எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் பார்ப்பது வழக்கம். அதோடு, 'எத்தனை மணி வரைக்கும் வெயில்ல நிக்கிறே, எங்கே உட்கார்ந்து சாப்பிடுறே, ஒன்னுக்குப் போக வசதி இருக்கா?' என்ற கேள்விகளும் சேரவேண்டிய காலம் வந்துவிட்டது.

'நல்லாத்தான் குடிக்கிறேன் நர்ஸம்மா!'

வெயில் காலத்தில் வயதானவர்களிடம் 'தண்ணி குடிக்கிறீங்களா அப்பத்தா?' என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான். பொய் சொல்லவில்லை. வயது ஏற ஏறத் தாக உணர்வு குறைந்துவிடும். உடம்பு காய்ந்தாலும் நாக்கு கேட்காது. அதனால் அனுபவமுள்ள செவிலியர் அந்தப் பதிலோடு திரும்பிவிட மாட்டார். சொம்பைப் பார்ப்பார். நாக்கு வறண்டிருக்கிறதா என்று பார்ப்பார். சிறுநீர் மஞ்சளாகப் போகிறதா என்று கேட்பார்.

ரத்த அழுத்தத்துக்குச் சிலர் சாப்பிடும் 'நீர் மாத்திரை' உடம்பில் இருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றும். கடும் வெயிலில் அதே மாத்திரை மயக்கத்தில் கொண்டு போய்விடலாம். அதற்காக நாமாக நிறுத்தவும் கூடாது. அளவை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்கவேண்டும். 'நிறைய இளநீர் குடிங்க' என்ற பொதுவான அறிவுரைகூட எல்லோருக்கும் பொருந்தாது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் ஆபத்து. யாருக்கு எது பொருந்தும் என்று வீட்டு நிலவரம் அறிந்து சொல்பவர்தான் செவிலியர்.

படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு வெயில் இன்னொரு வடிவத்தில் வருகிறது. பகல் முழுக்கச் சூடேறும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அந்தச் சூட்டை அப்படியே கீழே இறக்கும். அடியில் ரப்பர் ஷீட். முதுகு முழுக்க வேர்வை. ஈரத்தில் ஊறிய தோல் சீக்கிரம் புண்ணாகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதும், துடைத்து உலர்த்துவதும், பருத்தித் துணி விரிப்பதும் சின்ன வேலைகள் போலத் தெரியும். படுக்கைப்புண் வந்தபிறகு படும்பாட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும்.

ஐஸ் பெட்டியும் மண்பானையும்

மருந்துக்கும் வெயில் ஆகாது. தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்கவேண்டும். தட்டம்மை, பி.சி.ஜி போன்றவற்றைக் கரைத்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிடவேண்டும். அதனால்தான் அந்த நீலப் பெட்டியைச் செவிலியர் கைக்குழந்தை மாதிரி சுமக்கிறார். மூடியைத் திறந்து மூடுவதில்கூடக் கணக்கு உண்டு.

இன்சுலினும் அப்படித்தான். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் பழைய வழி ஒன்று கைகொடுக்கிறது. மண்பானையில் தண்ணீர் அல்லது ஈரமணல் வைத்து, அதற்குள் சின்ன டப்பாவில் மருந்து நனையாமல் வைப்பது. பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி தங்கும். ஃபிரிட்ஜுக்கு ஈடாகாது. ஆனாலும், கொதிக்கும் அலமாரியைவிட எவ்வளவோ மேல்.

வீடு தேடிப் போகும் மருத்துவம்

செவிலியர் வீடு தேடிப் போவது இந்த மாவட்டத்தில் பழைய கதை. திண்டுக்கல்லுக்குத் தெற்கே சின்னாளபட்டியில், 1947-ல் டாக்டர் டி.எஸ்.சௌந்தரம் தொடங்கிய சிறிய கிளினிக்தான் பின்னாளில் காந்திகிராமம் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1964-ல் தொடங்கிய காந்திகிராமம் கிராம சுகாதார நிறுவனம், கிராமங்களுக்குப் போகும் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து வருகிறது. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதுதான் அந்த முயற்சியின் உயிர்.

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் அதே வழிதான். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் படுக்கை நோயாளிகளைத் தேடிப் போகிறார்கள். 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. வெயிலை எதிர்கொள்ளப் புதிதாக ஒரு படை தேவையில்லை. ஏற்கெனவே வாசல்படி ஏறும் இவர்கள் கையில்தான் அது இருக்கிறது.

2024 அக்டோபரில், வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது தமிழக அரசு. வெப்ப அலையால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். ஆனால், வெயிலில் விழுந்தவரின் சாவு 'மாரடைப்பு' என்று மட்டும் எழுதப்பட்டால், அந்தக் கணக்கிலேயே வராது. எங்கே விழுந்தார், உடம்பு எவ்வளவு சுட்டது, எத்தனை மணி நேரம் வெயிலில் இருந்தார் என்று முதலில் பார்த்து எழுதுபவரின் குறிப்பு, ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே மாற்றலாம்.

அவருக்கு யார் தண்ணீர் கொடுப்பது?

சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசின் கணக்கு. ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும் வேடசந்தூர் போன்ற பகுதியில் அந்த 5,000 பேரும் ஒரே தெருவில் இல்லை. டூவீலரோ, பஸ்ஸோ, நடையோ, வெயில் ஒன்றுதான். மற்றவர்களை 'தண்ணி குடிங்க' என்று சொல்லும் பலர், தாங்கள் குடிப்பதில்லை. வழியில் கழிப்பறை இருக்காது என்ற பயம். தாகத்தை அடக்கினால் சிறுநீர்த் தொற்று வரும் என்று மற்றவர்களுக்குச் சொல்வதும் அவர்கள்தான்.

பருவநிலை மாற்றத்தைச் சமாளிப்பதில் செவிலியர்களுக்குப் பங்கு உண்டு என்று உலக செவிலியர் கூட்டமைப்பு 2018-லேயே அறிக்கை வெளியிட்டது. நவீன செவிலியத்துக்கு வழிகாட்டிய ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல், 1859-ல் எழுதிய நூலில் செவிலியத்தின் முதல் விதியாகச் சொன்னது, நோயாளி சுவாசிக்கும் காற்று நன்றாக இருக்கவேண்டும் என்பதைத்தான். இந்தியக் கோடைக்கு அதோடு சேர்க்கவேண்டியது நிழலும் தண்ணீரும். கோடையில் களப்பணி நேரத்தைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றுவது, துணை சுகாதார நிலையக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது, அங்கே பூட்டாத ஒரு கழிப்பறை. இவை பெரிய செலவுகள் இல்லை.

வீட்டில் நோயாளி இருந்தால்... கவனத்துக்கு!

* முதியவர் கேட்கும்வரை காத்திருக்காமல், மணிக்கு ஒருமுறை தண்ணீர் கொடுங்கள். சிறுநீரக, இதய நோயாளிகளுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவு.

* அறையின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஃபேன் அனலைத்தான் வீசும். ஈரத்துணியால் உடம்பைத் துடையுங்கள்.

* உடம்பு நெருப்பாய்ச் சுட்டு, பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ அது வெப்பவாதமாக இருக்கலாம். 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா இருக்காமல் நிழலுக்கு மாற்றி, உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

மதியம் ஒரு மணி. வேடசந்தூர் ரோட்டில் நாய்கூட நடமாடுவதில்லை. ஏதோ ஒரு தெருவில், பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு செவிலியர் கடைசி வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார். உங்கள் வாசலுக்கு அவர் வந்தால், மாத்திரையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடாதீர்கள். 'செத்த உட்காருங்க நர்ஸம்மா' என்று சொல்லி, முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள்.